எழுதியவர்: சுடலைச்செல்வி

தூத்துக்குடியில் கணினி வைத்துப் பிழைப்பது ஒரு தொல்லை, வக்கீல் சார். வாங்கிய வருடமே பின்பக்கத் திருகாணியெல்லாம் துருப்பிடித்துவிடும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் உப்புக்காற்று. எங்கள் முதலாளி தங்கதுரை அண்ணாச்சி, கம்பெனி தொடங்கிய புதிதில், கணினிகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவி வைக்கச் சொன்னார். காலமெல்லாம் இரும்புக்கடை நடத்தியவர், வேறென்ன சொல்வார். வேண்டாம் அண்ணாச்சி என்று சிரித்தேன், அவரும் சிரித்தார். அப்படி ஓர் இணக்கமான இடமாகத்தான் எங்கள் அலுவலகம் இருந்தது.

சுடலைச்செல்வியின் வழக்கு மறுபடி வருகிறது, அந்த அலாரம் ஃபைலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். சின்ன வயதுக்காரராக இருந்தாலும், ஜெஸ்டின் சார், நீங்கள் கேட்ட விதம் எனக்குப் பிடித்தது. போலீஸ்காரர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள். விவரமாகச் சொல்லுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

முத்துமாலை சிஸ்டம்ஸ் என்ற பெயர்ப்பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அண்ணாச்சியின் இரும்புக்கடை மாடியில்தான் எங்கள் கம்பெனி. துறைமுகத்துக்கு வரும் லாரிகளின் எடைமேடை, உப்பளங்கள், இறால் ஆலைகள் இவற்றுக்கெல்லாம் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்போம். முதலில் நானும் நேசக்குமார் என்ற ஒருவனும் இருந்தோம். அவன் ஒருநாள் எங்கள் எடைமேடை சாஃப்ட்வேரை அப்படியே நகலெடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய், தான் எழுதியதாகச் சொல்லி விற்றுவிட்டான். அண்ணாச்சி கொதித்துப் போனார். கடையில் கட்டும் ஒவ்வொரு பொட்டலத்திலும் தன் கடைப் பெயரை அச்சடித்துக் கொடுத்தவருக்கு அது தாங்கவில்லை.

“ஏலே மகாராஜா, நம்ம சரக்குல நம்ம பேரு இல்லாம எப்படிலே வெளிய போகும்?” என்றார்.

நான் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். எங்கள் கணினிகளில் புதிதாக எந்த ஃபைலைத் திறந்தாலும் அதன் தலையில் சில வரிகள் தானாக வந்து விழும். இதன் உரிமை முழுவதும் முத்துமாலை சிஸ்டம்ஸுக்கே சொந்தம், அனுமதி இல்லாமல் நகல் எடுக்கக் கூடாது, இன்ன ஆண்டு, எழுதியவர் இன்னார். உலகம் முழுவதும் இப்படிச் செய்கிறார்கள், நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. இந்த வரிகளைக் கணினி படிக்காது, தாண்டிப் போய்விடும். மனிதர்கள் மட்டும்தான் படிப்பார்கள்.

அந்த வாரம்தான் செல்வி வேலைக்குச் சேர்ந்தாள். ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு வயற்காட்டு ஊர், அப்பா ராமர் நெல்லும் வாழையும் போடுகிறவர். அவள் நாற்காலியில் உட்கார்ந்த அன்றைக்கே, பல மாதமாக இழுத்துக்கொண்டிருந்த எடைமேடை ஆர்டர் ஒன்று கைக்கு வந்தது. அண்ணாச்சிக்கு அது போதும். கீழே இரும்புக்கடையில் காலையில் ஷட்டரைத் தூக்கியதும், எதிர்வரிசைப் பூக்காரம்மாவைக் கூப்பிட்டு ஓர் ஆணியாவது வாங்கச் சொல்வார். அவள் கை ராசியாம், அவள் கையால் போணி ஆனால்தான் அன்றைக்கு வியாபாரம் ஓடுமாம். அதே கண்ணோடு செல்வியைப் பார்த்தார்.

“புதுசா எது தொடங்குனாலும் அந்தப் புள்ளை பேருல தொடங்குலே. நல்ல ராசியான கை.”

“அண்ணாச்சி, எழுதுனவங்க பேருல்லா அங்கன போடணும்?”

“எழுதுறது யாரா வேணாலும் இருக்கட்டும். போணி அவ கையால ஆகட்டும்னு சொல்லுதேன்.”

கைராசியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் முதலாளியோடு மல்லுக்கு நிற்கிற ஆளும் நான் இல்லை. எழுதியவர் என்ற இடத்தில் சுடலைச்செல்வி என்று போட்டேன். அதன் பிறகு அந்தப் பெயரை நான் ஒருமுறைகூடத் தட்டச்சு செய்ததில்லை. தானாக விழும். நீங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

செல்விக்குத்தான் கூச்சம். “நீங்க எழுதுறதுக்கு எம் பேரு எதுக்குண்ணே? எடுத்துருங்கண்ணே, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்று பலமுறை சொன்னாள். “அண்ணாச்சி ஆசைப்படுதாவ, இருந்துட்டுப் போட்டும்” என்றேன். அந்த ஏற்பாட்டுக்கு ஆளும் தெரியாது, பொருளும் தெரியாது. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அண்ணாச்சி ஒரு நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். எங்கள் கணினியில் அடித்ததால் அதன் தலையிலும் எழுதியவர் சுடலைச்செல்வி என்று விழுந்து, அப்படியே அச்சாகி, ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்கள். அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வருடம் கொடை அமோகமாக நடந்ததற்கும் அதுதான் காரணம் என்றார்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். புதிய ஃபைலுக்குத்தான் அந்த வரிகள் விழும். பழைய ஃபைல்கள் பழையபடியே இருந்தன. அவற்றில் நாங்களே கையால் அடித்த பெயர்கள்தான், நான் எழுதியவற்றில் என் பெயர், நேசக்குமார் எழுதியவற்றில் அவன் பெயர்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. நான் எழுதியதெல்லாம் அவள் பெயரில் போனது. எடைமேடையில் லாரிக்காரர்களின் தில்லுமுல்லைக் கண்டுபிடிக்க நான் எழுதியதைப் பார்த்து ஒரு பெரிய அதிகாரி எங்கள் மாடிக்கே ஏறி வந்து செல்வியின் கையைக் குலுக்கினார். அவள் பதறிப்போய், “நான் இல்ல சார், மகாராஜன் அண்ணன்தான் எழுதுனாங்க” என்றாள். அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். என்ன ஒரு தங்கமான பிள்ளை என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்கு வலித்தது, சார். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள், அவளை எனக்குப் பிடிக்கும். நம் சட்டையை ஒருவருக்கு இரவல் கொடுத்த பின், அந்தச் சட்டை அவருக்கு எவ்வளவு பொருத்தம் என்று ஊரே சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது.

இனி இறால் ஆலைக்கு வருகிறேன். இறாலை உறைய வைக்கும் இயந்திரங்களில் அம்மோனியா ஓடுகிறது. கசிந்தால் அலாரம் அடிக்க வேண்டும். அந்த அலாரத்துக்கான ஃபைல் பழையது, செல்வி வருவதற்கு முன்பே நான் எழுதியது. கொஞ்சம் வாடை பட்டாலே அலறும். அலறினால் இறால் உரிக்கும் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் பொறுப்பார்கள். ஆலை மேனேஜர் என்னைத் தினமும் போனில் வறுத்தெடுத்தார்.

ஆகவே ஒரு மாற்றம் செய்தேன். வாயுவின் அளவு தொடர்ந்து சில நிமிடம் மேலேயே நின்றால் மட்டும் அலறு, நடுவில் ஒரு நொடி இறங்கினாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணு. அவ்வளவுதான். பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். செல்வி அதைத் திரையில் இரண்டு முறை படித்தாள்.

“அண்ணே, மேல்காத்து அடிக்கும்போது அங்கன ஷட்டரு தொறந்துல்லா கெடக்கும்? காத்து வந்து வந்து போச்சுன்னா அளவு ஏறி ஏறி எறங்கும். அப்ப இது திரும்பத் திரும்ப முதல்ல இருந்து எண்ணிக்கிட்டே இருக்குமே. கடைசி வரைக்கும் அலறாதுல்லா?”

நான் உள்ளூர்க்காரன். மேற்கேயிருந்து வீசும் இந்த மேல்காற்றில் வளர்ந்தவன். எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது அது. அவளுக்குத் தோன்றியதில் எனக்கு எரிச்சல் வந்தது, அதை மறைக்கவில்லை.

“அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இன்னைக்கு இதைப் போட்டுட்டு வந்துரு. மேனேஜர் உசிர எடுக்காரு.”

எனக்கு அன்றைக்கு ஒரு கல்யாணம் இருந்தது. அவள்தான் ஆலைக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். அதன் பிறகும் எப்போதாவது, “அண்ணே, அந்த அலாரம்?” என்பாள். பார்ப்போம் என்பேன். அலாரம் அநாவசியமாக அலறுவது நின்றுவிட்டது. மேனேஜர் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி அனுப்பினார். அதையும் செல்வி பெயருக்குத்தான் அனுப்பினார்.

அடுத்த ஆடியில், நல்ல மேல்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், குழாய் ஒன்று விட்டுக்கொண்டு அம்மோனியா கசிந்தது. மிஷின் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்த பிச்சையா என்பவர் வாடையை வைத்தே கண்டுபிடித்து, சத்தம் போட்டு, பெண்களை வெளியே விரட்டியிருக்கிறார். உள்ளே கழுவும் இடத்தில் இன்னும் ஆட்கள் இருப்பதாக நினைத்துத் திரும்பிப் போனார். அங்கே யாரும் இல்லை. அவரைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள், உயிர் இல்லை. பெண்கள் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், சிலருக்குப் பார்வை இன்னும் சரியாகவில்லை. அலாரம் கடைசி வரை அடிக்கவில்லை.

அண்ணாச்சியும் செல்வியும் உடனே ஆலைக்கு ஓடினார்கள். நான் அலுவலகத்திலேயே தங்கி ஃபைலைத் திறந்து பார்த்தேன். அவள் சொன்னபடியேதான் நடந்திருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் வேலை பார்த்துவிட்டு, அதன் பிறகு நானும் போனேன்.

விசாரணையில் எங்கள் ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனார்கள். அலாரம் ஃபைலின் தலையில் எழுதியவர் சுடலைச்செல்வி என்று இருந்தது. ஆலையில் கொண்டுபோய்ப் போட்டவளும் அவள்தான். அண்ணாச்சி இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சினார். “அய்யா, அது ராசிக்குப் போட்ட பேருய்யா. புள்ளை எழுதலைய்யா.” இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் கம்பெனியில் கைராசியா என்று கேட்டார். பழைய ஃபைல்களைக் காட்டி, இவற்றில் எல்லாம் அவரவர் பெயர் சரியாகத்தானே இருக்கிறது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “பெரியவர் சொல்றது உண்மையா?” என்றார்.

“அண்ணாச்சி அவளைச் சொந்த மகள் மாதிரி நினைக்கிறவர் சார்” என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்ஸ்பெக்டர் புரிந்துகொண்டதாகத் தலையாட்டினார். அன்று மாலை அண்ணாச்சிக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டது. இன்றுவரை பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்தால் வாய் கோணி ஏதோ சத்தம் வரும், கண்ணில் தண்ணீர் வரும். அவர் வீட்டில், உன் மேல் அவருக்கு அவ்வளவு பாசம் என்கிறார்கள்.

செல்வி என்னிடம் ஒரே ஒருமுறைதான் கேட்டாள். ஜாமீனில் வந்த மறுநாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

“அண்ணே, அது பழைய ஃபைலுல்லா? உங்க பேருதானண்ணே அதுல இருந்துச்சு?”

“நல்லா யோசிச்சுப் பாரு ஏளா. தூங்காம கொள்ளாம இருந்தா எல்லாம் அப்படித்தான் கொழம்பும். பேரு உன் கண்ணு முன்னாலதான இருக்கு.”

“தானா விழுறதுல்லாண்ணே அது?”

“புது ஃபைலுக்குத்தான விழும்? பழசுன்னு நீதான சொல்லுத. பழசுக்கு எப்படி விழும்?”

அவள் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். நல்ல புத்திசாலி, சார். ஆனால் என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். நான் பொய் சொல்லக்கூடும் என்ற ஒரு வழியை மட்டும் அவள் யோசிக்கவே இல்லை. அதை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது ஒரே வழிதான். “அப்ப நான்தான் திரும்ப எழுதியிருப்பேன். தப்புன்னு தெரிஞ்சும் நான்தானண்ணே போட்டுட்டு வந்தேன்” என்றாள். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று அவள் உங்களிடம் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுதான் காரணம். நீங்கள் எவ்வளவு பேசினாலும் மாற மாட்டாள். நான் முயன்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பிச்சையா வீட்டுக்குப் போகிறாள், தெரியுமா. தாளமுத்துநகரில் வீடு. பிச்சையாவின் மனைவி கிரேசி முதலில் கதவைத் திறக்கவில்லை. செல்வி வாசலில் மண்ணில் உட்கார்ந்திருப்பாள். அடுத்த வாரமும் போனாள். ஒருநாள் அந்த அம்மா வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் தலையில் ஊற்றினார். அதற்கடுத்த வாரமும் போனாள். இப்போது அந்த அம்மா ஒன்றும் சொல்வதில்லை. செல்வி முற்றத்தைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வருகிறாள். பேருந்து நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்கு என் பைக்கில்தான் கொண்டுபோய் விடுகிறேன், திரும்பவும் நானே கூட்டி வருகிறேன். நல்ல வெயிலில் அந்தத் தெருமுனையில் காத்துக்கொண்டு நிற்பேன். அவள் அப்பா ராமர் ஒருநாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “தம்பி, எல்லாரும் கை விட்டுட்டாவ. எம் புள்ளைக்கு நீங்க ஒரு ஆளுதான் தொணை” என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. நான் கல் நெஞ்சக்காரன் இல்லை.

விபத்தன்று அலுவலகத்தில் நான் பார்த்த வேலையைச் சொல்கிறேன், நீங்கள் கேட்டது அதைத்தானே. பழைய ஃபைலில் என் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குக் கீழே இருந்ததை முழுவதும் நகலெடுத்தேன். புதிதாக ஒரு ஃபைல் திறந்தேன். தலையில் வரிகள் விழுந்தன. அவற்றுக்குக் கீழே ஒட்டினேன். பழையதை அழித்துவிட்டு, அதன் பெயரையே புதியதற்கு வைத்தேன். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. எழுதியவர் யார் என்ற இடத்தை நான் தொடவே இல்லை. எல்லா நாளும் விழுவதுபோல அன்றும் தானாகத்தான் விழுந்தது. அண்ணாச்சி வைத்த வழக்கம், நான் மீறவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஃபைல் பிறந்த நாளை, அதாவது கணினியில் அது உருவான தேதியை, யாராவது பார்த்திருந்தால் வழக்கே வேறு மாதிரி போயிருக்கும். எல்லோரும் பெயரைத்தான் பார்த்தார்கள். ஆலைக் கணினியில் இருந்ததோ மனிதர்கள் படிக்கும் வரிகள் நீங்கிய, ஓடுகிற நகல் மட்டும்தான். இனிப் பார்க்கவும் முடியாது. அண்ணாச்சி படுத்த பிறகு அந்தக் கணினிகளைத் துருப்பிடித்துவிட்டன என்று அவர் மருமகன் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். போலீஸ் கொண்டுபோன நகலில் தேதியைக் கேட்டால், விபத்துக்குப் பிறகு எல்லா ஃபைலையும் பதற்றத்தில் திறந்து மூடினோம் என்று நான் சொன்னது பதிவில் இருக்கிறது.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, அவளுக்கு வாழ்க்கை இன்னும் இருக்கிறது. பெண் பிள்ளை, கோர்ட்டு கொஞ்சம் இரக்கப்படும் என்று நினைத்தேன். இது உண்மைதான், ஆனால் முழுவதும் இது இல்லை. நல்லதெல்லாம் இரண்டு வருடம் அவள் பெயரில் போனது. அதிகாரி கை குலுக்கியதும், இனிப்புப் பெட்டி வந்ததும் அவள் பெயருக்கு. அப்போதெல்லாம் இது நியாயமா என்று யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு கெட்டது வந்தபோது மட்டும் என் பெயர் ஏன் நினைவுக்கு வர வேண்டும்? கணக்கு நேராக வேண்டும் என்றுதான் நினைத்தேன். பிச்சையாவைக் கொன்றது நான் எழுதியதுதான். செல்வியைக் கொன்றுகொண்டிருப்பதும் நான்தான். தெரிந்தேதான் செய்தேன். நாளை மறுபடி அதே முற்பகல் வந்தாலும் அதையேதான் செய்வேன் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எழுதியதில் மனம் லேசாகிவிட்டது, சார். உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இப்போது நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன், புதுக் கணினி. ஆனால் கைக்குப் பழகிய என் பழைய ஏற்பாடுகளை எல்லாம், பழைய கம்பெனியின் உரிமை வரிகளை மட்டும் எடுத்துவிட்டு, அப்படியே கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். அதனால் இந்தக் கடிதத்தின் தலையிலும் எழுதியவர் என்ற வரி விழுந்திருக்கிறது. அழிக்கலாம் என்று கர்சரை மேலே வரைக்கும் கொண்டுபோனேன்.

பிறகு விட்டுவிட்டேன். இதை நீங்கள் கோர்ட்டில் கொடுத்தால், என் மேல் பழியைப் போட்டுச் செல்வி எழுதியது என்றுதான் சொல்வார்கள். அது என் கையில் இல்லை. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். கீழே கையெழுத்து இல்லையே என்று தேட வேண்டாம், சார். எழுதியவர் பெயர் மேலேயே இருக்கிறது.